புள்ளி வைக்காத வரி

காலையில் எழுந்ததும் நவநீதன் கீழே இறங்கிப் போய் மோட்டாரைப் போடுவான். சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. போட்டுவிட்டு மேலே வரமாட்டான். கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வான். மொட்டைமாடித் தொட்டி நிறைந்து, வழிகிற தண்ணீர் சன்ஷேடில் விழும் முதல் சத்தம் கேட்டதும் எழுந்து நிறுத்துவான். அதன் பிறகு பால் காய்ச்சுவான். காபி குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். குளிப்பான். எது முன்னால், எது பின்னால் என்று யோசிக்க வேண்டியதில்லை. அது வசதியாக இருந்தது.

“தானா நிக்கற சுவிட்ச் ஒண்ணு மாட்டிரலாமுங்க தம்பி,” என்று வீட்டுக்காரர் ரங்கநாதன் பலமுறை சொல்லிவிட்டார். “தண்ணி நெறஞ்சா அதுவே ஆஃப் ஆயிரும். நீங்க எதுக்குத் தெனமும் காவல் காக்கறீங்க?”

“இருக்கட்டுங்க.”

“கோயமுத்தூர்லயே மோட்டாருக்குக் காவல் இருக்கற ஒரே எஞ்சினியர் நீங்கதான்.”

நவநீதன் சிரித்துவைத்தான். மனைவி மேகலா இறந்த பிறகு, மற்றவர்கள் சிரிக்கச் சொல்லும் இடங்களில் சிரிக்கக் கற்றிருந்தான்.

அன்று படியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அன்னூரிலிருந்து தெய்வானை, மேகலாவின் அம்மா.

“மாப்ள, வெள்ளிக்கெழம திதிக்கு நான் வரலீங்.”

“ஏங்கத்தை, ஒடம்புக்கு ஏதாவது முடியலீங்களா?”

“ஒடம்பு கல்லாட்டம் இருக்குது. என்னை வரச் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுப் போனவளோட திதிக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரது?”

“யாருங்கத்தை அப்படிச் சொன்னது?”

“அட்டை வந்துருச்சு மாப்ள. உங்க கம்பெனி அட்டைதான். என்ற புள்ள போட்டோ போட்டு, கடைசியா அவ நெனச்சு வெச்சிருந்தது இதுதான்னு அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க. படிக்கட்டுமா?”

அவள் படித்தாள். எழுத்துக்கூட்டாமல், தடுமாறாமல். அதற்கு முன் பலமுறை படித்திருப்பாள் போலிருந்தது.

“எனக்கு இனிமே யாரும் வேண்டாம் அம்மாவ வரச் சொல்லாதீங்க.”

அவன் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டான்.

“அன்னிக்கு மழைன்னு போன்ல சொல்லி என்னை நிறுத்துனீங்க. சமாளிச்சிருக்கீங்க. உங்க நல்ல மனசு, தப்புச் சொல்ல மாட்டேன். ஆனா அவ சாவுறப்பப் பக்கத்துல இல்லாமப் போயிட்டமேன்னு இந்த ஒரு வருசமா நான் அழுதேன் பாருங்க, அது வேண்டாத அழுகை. கூப்பிடாத எடத்துக்குத்தான் நான் போகாம இருந்திருக்கறேன்.”

போன் வைக்கப்பட்டது. சன்ஷேடில் தண்ணீர் எவ்வளவு நேரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. எழுந்து நிறுத்தினான்.

*

மேகலாவுக்கு வந்தது தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் நோய். பெரிய வீட்டில் யாரோ அறை அறையாக விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புவதுபோல. பேச்சு போனபோது அவன் தன் அலுவலகத்திலிருந்து குரல்பட்டையைக் கொண்டுவந்தான். அந்தப் பட்டையைச் செய்வதுதான் அவனுடைய வேலை.

கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற மெல்லிய பட்டை. ஓசை வராவிட்டாலும், பேச நினைக்கும்போது தொண்டைத் தசை மயிரிழை அளவு அசையும். அந்த அசைவைப் பட்டை சொல்லாக மாற்றும். சொற்கள் கட்டிலருகே இருக்கும் சின்னக் கண்ணாடித் திரையில் ஒவ்வொன்றாகச் சேரும். வரி முடிந்ததும் கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறக்க வேண்டும். அப்போதுதான் பட்டை அதை உரக்கச் சொல்லும். அதுவரைக்கும் வரி, பஃபர் என்று அவர்கள் அழைக்கிற ஒரு தற்காலிக இடத்தில் காத்திருக்கும்.

இந்த ஏற்பாடு மேகலாவுக்குப் புதிதல்ல. நோய் வருமுன் அவள் ஒரு வங்கியின் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொண்டவள். கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பாள். எத்தனை வரி அடித்தாலும், கடைசியில் அரைப்புள்ளி வைக்கிறவரை கணினி ஒன்றும் செய்யாது. கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மேகலா புள்ளிக்கு முன்னால் நிறுத்துவாள். இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். உதடு அசைய முழுவதையும் ஒருமுறை படிப்பாள். பிறகுதான் புள்ளி. பாதி நாள் புள்ளி வைக்காமல் மொத்தத்தையும் அழித்துவிடுவாள்.

“ஒரு புள்ளிக்கு இவ்வளவு பூஜையா?” என்று அவன் ஒருமுறை கேட்டான். அப்போது இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

“புள்ளி வைக்கிறவரைக்கும் அது நினைப்பு. வச்சுட்டா நடந்துடும். ஊர் கணக்கையெல்லாம் அழிச்சுட்டு ‘சும்மா நினைச்சேன்’னு சொல்ல முடியுமா?”

பட்டை கட்டிய பிறகும் அதே பழக்கம். திரையில் வரி சேரும். அவள் கண்ணை அகலத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில சமயம் அழித்துவிடுவாள். என்ன எழுதி அழித்தாய் என்று அவன் கேட்டால், பட்டை அவளுடைய பழைய குரலில் சொல்லும்:

“புள்ளி வைக்கல. அதனால சொல்லல.”

‘மிச்சச் சொல்’ என்ற சேவையை அலுவலகத்தில் வேறொரு குழு கொண்டுவந்தது. பட்டை கட்டியிருந்தவர் இறந்துவிட்டால், புள்ளி வைக்கப்படாமல் உள்ளே தங்கிவிட்ட வரியை எடுத்து, அட்டையில் அச்சடித்துக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். இரக்கத்தில் தொடங்கிய காரியம். ஜனங்கள் அதைச் சாமி வாக்குபோல எடுத்துக்கொண்டார்கள். வாயால் சொல்வதில் பொய் இருக்கலாம், சொல்லாமல் வைத்திருந்ததில் இருக்காது என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். ஒரு வழக்கில் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்றது. அதன் பிறகு தோட்டங்கள் கைமாறின. ஒரு நர்ஸ் வேலை இழந்தாள். அண்ணன் தம்பிகள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் ஆனார்கள்.

நவநீதன் மேகலாவின் வரியைக் கேட்கவில்லை. தாய்க்கும் கேட்கும் உரிமை உண்டு. தெய்வானை கேட்டிருக்கிறாள்.

அலுவலகம் போகும் வழியில் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. அட்டையின் கடைசி மூன்று சொற்களை அவன் ஏற்கெனவே தன் காதால் கேட்டிருந்தான். அவள் இறந்த அன்று காலை, மழைக்காக அவள் சொன்ன சொற்கள் அவை. மேகலா சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவள் அல்ல. நல்ல தசை இருந்த காலத்திலேயே சொல்லமாட்டாள்.

*

சரவணம்பட்டி அலுவலகத்தில் ரெஜினா அவனுடைய குழுவுக்குத் தலைவி. அவனைவிட மூத்தவள். கையில் டீயோடு வந்து அவனுடைய திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்ன நவா, யார் வீட்டுத் தோசையத் திருப்பிட்டிருக்க? இது நம்ம கோட் இல்லையே.”

“மிச்சச் சொல் எடுக்கிற கோட்.”

“அது ரொம்பப் பழசுடா. பட்டைக்குள்ள ஓடறது டேட்டாபேஸ்ல கட்டளை அடிக்கிற சாதாரண புரோகிராம்தானே. அதோட மூலக் கோட்ல இருந்து நாலு வரியை வெட்டி ஒட்டியிருப்பாங்க.”

“எப்படிக் காப்பி எடுக்குதுன்னு பாருங்க. எவ்வளவு எழுதியிருக்குன்னு பாக்கல. பஃபர் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் அள்ளிட்டு வருது.”

ரெஜினா குனிந்து படித்தாள். “சரி, ஒரு வரி சொல்லி முடிச்சதும் பஃபரைக் காலி பண்ணிடுவோமே?”

“நீளம் பூஜ்யம்னு மாத்துவோம். அவ்வளவுதான். எழுத்தெல்லாம் அங்கேயேதான் கிடக்கும். அடுத்த வரி வந்து அது மேல உக்காரும்.”

“உக்காரட்டும். அடுத்த வரி சின்னதா இருந்தாலும், அது முடியற இடத்துல ஒரு பூஜ்யம் நிக்கும்ல? முடிஞ்சுதுன்னு சொல்ல அதுதானே அடையாளம்? காப்பி கூடுதலா வந்தாலும் அச்சு அந்த இடத்துல நின்னுடும்.”

“நின்னிருக்கு. அதான் யாருக்கோ பிடிக்கல.” அவன் கீழே ஒரு வரியைக் காட்டினான். பூஜ்யம் எதிர்ப்பட்டால் அதை இடைவெளியாக மாற்று என்றது அந்த வரி. பக்கத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: அச்சு பாதியில் நிற்கிறது, சரிசெய்யப்பட்டது.

ரெஜினா டீயைக் கீழே வைத்தாள்.

“அழகு பண்ணியிருக்கானுங்க,” என்றாள் மெதுவாக. “முடிஞ்சுதுங்கற அடையாளத்தை அழிச்சு, பழசையும் புதுசையும் சேர்த்துத் தைச்சு... செத்தவங்க வாயில நம்ம ஊசியும் நூலும்.”

அவன் பையைத் திறந்தான். மேகலாவின் பட்டை ஒரு கைத்துண்டில் சுற்றியிருந்தது. காலையில் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தான். ரெஜினா ‘வேண்டாம்’ என்பதுபோலக் கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டாள். அவன் கம்பியை மாட்டினான்.

பஃபரில் கிடந்தது, அழகு செய்யப்படாமல், திரையில் வந்தது.

எனக்கு இனிமே யாரும்

அதன் பிறகு பூஜ்யம். அதன் பிறகு,

வேண்டாம் அம்மாவ வரச் சொல்லாதீங்க

அவள் புள்ளி வைத்துச் சொன்ன வரிகள் வேறோர் இடத்தில் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றில் அந்தக் காலையின் வரியை எடுத்து அடியில் வைத்தான்.

மழை பெய்யுது அல்லாட வேண்டாம் அம்மாவ வரச் சொல்லாதீங்க

ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எழுத்து பிசகாமல் பொருந்தியது. ‘அல்லாட’ முடிகிற இடத்தில்தான் ‘யாரும்’ முடிந்திருந்தது. இடையில் அவள் சொல்லியிருந்த இன்னொரு சிறிய வரியை, இந்தப் புதிய வரி முழுவதுமாக மூடிவிட்டிருந்தது.

“அப்ப, ‘வேண்டாம்’ங்கறதே அவளோடது இல்ல,” என்றாள் ரெஜினா.

“அவளோடதுதான். மழைக்குச் சொன்னது.”

“எனக்கு இனிமே யாரும்... அதுக்கு மேல?”

“அதுக்கு மேல இல்ல.”

இருவரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. பல்மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

“இதை வெளிய சொல்லணும்,” என்றான்.

“சரி பண்ணிடுவோம். இன்னிக்கே. அடுத்த வெளியீட்டுல போயிடும்.”

“இனிமே வர்ற அட்டைக்குச் சரி. போன அட்டைக்கு?”

ரெஜினா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நவா, உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அட்டையால கெட்டுப்போன வீடு. கெட்டவங்கதானே கோர்ட்டுக்குப் போறாங்க, பேப்பர்ல வர்றாங்க? அட்டையால ஒண்ணு சேந்த வீடும் இருக்கு. அவங்க சத்தம் போடமாட்டாங்க.” கைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தாள். பணம் வைக்கிற மடிப்பில், மூலைகள் தேய்ந்த ஓர் அட்டை. “எங்கப்பா. நான் அவர் சொல்பேச்சு கேக்காம கல்யாணம் பண்ணேன்னு பத்து வருஷத்துக்கு மேல எங்கூடப் பேசல. பட்டை கட்டின பிறகும் பேசல. தண்ணி கேப்பாரு, டிவிய நிறுத்தச் சொல்வாரு, எங்கிட்ட மட்டும் ஒரு வரி கிடையாது. செத்த பிறகு வந்தது இது.”

அவன் படித்தான். ‘ரெஜி வந்தா சொல்லுங்க அவ மேல எனக்கு வருத்தம் இல்ல.’

“இதுலயும் தையல் இருக்கலாம்,” என்றாள் அவள். “முதல் பாதி எனக்கு, ரெண்டாம் பாதி ஆஸ்பத்திரி ஆயாவுக்குன்னு இருக்கலாம். எங்கப்பா எங்கிட்ட வருத்தமில்லாம இருக்கிறவர் இல்ல, அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் தினம் ராத்திரி இதைப் பாத்துட்டுத்தான் படுக்கிறேன். எத்தனை பேர் பர்ஸ்ல இப்படி ஒண்ணு இருக்கும்? எல்லாத்தையும் பிடுங்கச் சொல்றியா?”

நவநீதன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

“எங்கத்தை திதிக்கு வரமாட்டேங்கறாங்க,” என்றான். “மக தன்னை வேண்டாம்னு சொல்லிட்டுப் போனதா நினைச்சிட்டிருக்காங்க. அவங்ககிட்ட நான் இன்னிக்குப் போய்ச் சொல்லப்போறேன். கம்பெனி ரகசியம்னா வேலையை விட்டு எடுத்துக்குங்க.”

“உன்னை எடுத்துட்டு இந்தக் கோட் எல்லாத்தையும் எவன் படிப்பான்? பெரிய தியாகி.” மூக்கை உறிஞ்சினாள். “நான் ஒண்ணு கேக்கட்டுமா? உங்கத்தைக்கு நீ நல்லதா ஒரு வரி எழுதி, புது அட்டை அடிச்சுக் குடுத்துடலாம். இங்கேயே. அஞ்சு நிமிஷ வேலை. ‘எனக்கு இனிமே யாரும் இல்லாட்டியும் அம்மா இருக்கா’ன்னு முடிச்சுடு. யாருக்குத் தெரியும்?”

அவன் பட்டையைத் துண்டில் சுற்றினான்.

“மேகலாவுக்குப் பிடிக்காது,” என்றான்.

*

அன்னூரில் தெய்வானை மாவு மில் வைத்திருந்தாள். வீடு மில்லுக்குப் பின்னால். நவநீதன் வண்டியை நிறுத்தும்போது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலேயே தும்மல் வந்தது. போன் அதிர்ந்தது. ரெஜினாவிடமிருந்து செய்தி: ‘எல்லாக் குடும்பத்துக்கும் நோட்டீஸ் போட்டுட்டேன். அட்டையைச் சரிபார்க்க விரும்பறவங்க கேக்கலாம்னு. மேலிடம் காலைல கத்தும். எங்கப்பா அட்டைக்காக எனக்கும் அதுல ஒண்ணு வந்திருக்கு, பிரிக்கல.’

அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனான்.

“வாங்க மாப்ள. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங். சாப்டீங்களா?” தெய்வானை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புருவத்தில் மாவு. “திதிக்குக் கூப்பிட வந்திருந்தா, மோர் குடிச்சுட்டுத் திரும்பிப் போங்க. நான் வாரதில்ல.”

“கூப்பிட வரலீங்கத்தை. அந்த அட்டை தப்பு. அதைச் சொல்ல வந்தேன்.”

“கம்பெனிக்காரங்க தப்பாவா அச்சடிப்பாங்க? என்னைச் சமாதானம் பண்ண வேண்டாமுங்.”

எப்படிச் சொல்வது என்று அவன் வழியெல்லாம் யோசித்திருந்தான். பஃபர், பூஜ்யம், நீளம் என்று தொடங்கினால் அவள் தலையாட்டுவாள், நம்பமாட்டாள். மில்லுக்கு எதிரே ரைஸ்மில் மதில். அதன் மேல் எப்போதும்போலப் போஸ்டர்கள்.

“அத்தை, அந்தச் செவுத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.”

“எந்தச் செவுரு? அதா?” கண்ணைச் சுருக்கினாள். “கண்ணீர் அஞ்சலி. நம்ம பஞ்சாயத்து போர்டு மாரப்பனுங். போன வாரம் போயிட்டாரு.”

“அதுக்குக் கீழ?”

“அனைவரும் வருக, வருக. அசைவ விருந்து உண்டு.” படித்துவிட்டு நிறுத்தினாள். வாய் கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அட கெரகமே. இத்தன நாளா எதுத்தாப்புல இருக்குது, நான் பாக்கவே இல்ல. செத்தவன் கறிசோத்துக்குக் கூப்பிடறான்!”

“கீழ இருக்கறது யாரோ காதுகுத்துக்கு ஒட்டின பழைய போஸ்டர். பெருசு. அது மேல மாரப்பன் போஸ்டரை ஒட்டியிருக்காங்க. இது சின்னது. அதனால பழசோட அடி மட்டும் தெரியுது.”

“ஆமா.”

“மேகலாவோட அட்டையும் அப்படித்தானுங்கத்தை.”

தெய்வானை சிரிப்பதை நிறுத்தினாள்.

அவன் போனைத் திறந்து காட்டினான். முதலில் காலை வரி. “இது அவ காலைல சொன்னது. சத்தமா, எங்கிட்ட. கேட்டுட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன்.”

அவள் படித்தாள். விரல் ஒரு சொல்லில் நின்றது.

“அல்லாட வேண்டாம்...” என்றாள். “இது என்ற பேச்சு மாப்ள. அவ சின்னதுல மழைக்குள்ள டியூசன் போறேன்னு குதிப்பா. அல்லாட வேண்டாம், வூட்ல கெடன்னு நான்தான் சொல்லுவேன். கோயமுத்தூர்க்காரி ஆனதுக்கப்புறம் இந்தப் பேச்செல்லாம் பேசறதே இல்ல.” திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்ப மழைன்னு சொன்னது நீங்க இல்ல?”

“எனக்கு அப்படிச் சொல்லத் தோணாதுங்கத்தை. நீங்க வந்தா எனக்கும் ஒத்தாசைதான். அவதான் சொன்னா.”

தெய்வானை மில்லை நிறுத்தச் சொல்லி உள்பக்கம் கை காட்டினாள். சத்தம் அடங்கியது. அவள் மாவு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. புருவத்து மாவைத் தட்டிவிட்டாள்.

“இந்த மேல் போஸ்டர்?” என்றாள் கடைசியில். “‘எனக்கு இனிமே யாரும்’. இது அவளோடதுதானா?”

அவன் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் வந்திருந்தான். அடிப்பாதியை மட்டும் காட்டி எழுந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

“அவளோடதுதானுங்க. நான் அறையில இல்லாதப்ப ஆரம்பிச்சிருக்கா.”

“என்ன சொல்ல வந்தா?”

“தெரியல.”

“யாரும் வேண்டாம்னே சொல்ல வந்திருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“யாரும் எனக்காக அழ வேண்டாம்னும் இருக்கலாம். யாரும் உப்பில்லாத கஞ்சி ஊத்த வேண்டாம்னும் இருக்கலாம். வாயாடி அவ.” அவள் அவனையே பார்த்தாள். “நீங்களே நல்லதா ஒண்ணு எழுதி, இதுதான் அவ சொன்னதுன்னு குடுத்திருக்கலாமே மாப்ள. நான் என்ன கண்டேன்? நம்பியிருப்பேன்.”

“ஆபீஸ்லயும் அதையேதான் சொன்னாங்க.”

“அப்புறம்?”

“அத்தை, அவ வேலை செய்யறப்ப நீங்க பார்த்ததில்ல. எதையும் அடிச்சு வச்சுட்டு, கையை மடில வச்சுக்கிட்டு, முழுசாப் படிப்பா. சரின்னு பட்டாத்தான் புள்ளி வைப்பா. பாதிக்குப் பாதி அழிச்சுடுவா. பட்டை கட்டின பிறகும் அப்படித்தான். அழிச்சது என்னன்னு கேட்டா, புள்ளி வைக்கல, அதனால சொல்லலன்னுவா.” இவ்வளவு நீளமாக அவன் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. “இந்த வரிக்கும் அவ புள்ளி வைக்கல. படிச்சுட்டிருந்தாளோ, அழிக்க இருந்தாளோ. அதுல நானும் கை வைக்கக்கூடாது, நீங்களும் வைக்கக்கூடாது. அது அவ சொன்னது இல்ல.”

தெய்வானை எழுந்து வீட்டுக்குள் போனாள். மகளின் படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை பார்த்தாள். கிழிக்கவில்லை. கல்லாப்பெட்டிக்கு அடியில், ஆடும் காலுக்கு முட்டாக மடித்துச் செருகினாள். பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

“வெள்ளிக்கெழம ஐயரு எத்தன மணிக்கு வாராரு?”

“ஒன்பது மணிக்குங்கத்தை.”

“அப்ப நான் வியாழக்கெழமையே வந்தர்றேன். உங்க அடுப்படி என்ன நெலமைல கெடக்குதோ.” அவள் அவன் கையில் மோர்ச்சொம்பைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விடவில்லை, இருவர் கையும் சொம்பின் மேலேயே இருந்தன. “மாப்ள. அது சொன்னது இல்லீன்னா, சொன்னது எது? புள்ளி வெச்சுக் கடைசியா அவ சொன்னது ஒண்ணு இருக்குமில்ல?”

இருந்தது. அந்தச் சிறிய வரி. அதைத்தான் பின்னால் வந்த வரி முழுசாக மூடியிருந்தது.

அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. சாவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று. கீழே போயிருந்தேன் என்றான். எதற்குப் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று அதற்குள் மழை விட்டிருந்தது. அவள் கையைப் பிடித்தபடி கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் எல்லாவற்றையும் மறந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது அவளுக்குத்தான் கேட்டது. திரையில் சொற்கள் சேர்ந்தன. அவள் வழக்கம்போல அகலக் கண்ணோடு அதை முழுசாகப் படித்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அவளுடைய பழைய குரலில், கொஞ்சம் கேலியோடு வந்தது அது.

“சும்மா சொல்லுங் மாப்ள,” என்றாள் தெய்வானை. “எதுவா இருந்தாலும் சரி.”

அவன் சொன்னான்.

“மோட்டார் ஓடுதுங்க.”